நாற்பத்தெட்டுக் கால் பந்தி

வேப்பங்குளத்துக் கல்யாண மண்டபத்தின் பந்தி மேஜை, ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றில், இரண்டாம் பந்திக்கு ரச வாளி வந்துகொண்டிருந்தபோது தானாக எழுந்து வெளியே நடந்து போனது. பன்னிரண்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு, பிள்ளைகள் ஆட்டிவிடாமல் இருக்கக் கால்களைச் சணல் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி, மேலே வெள்ளைக் காகிதச் சுருளை ஒரே நீளமாக விரித்துவிடுவது அந்த மண்டபத்து வழக்கம். மேஜைக்கு நாலாக நாற்பத்தெட்டுக் கால்கள். ஏழாவது மேஜையின் ஒரு கால் மட்டும் ஒரு விரற்கடை குட்டை என்பதால் அதற்கு அடியில் எப்போதும் மடித்த அட்டை ஒன்று இருக்கும். அன்று அந்த அட்டையைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு அந்தக் காலும் மற்ற கால்களோடு புறப்பட்டது.

மாவு மில் செண்பகவல்லி அந்தப் பந்தியில் ஒன்பதாவது மேஜையில் உட்கார்ந்திருந்தாள். தன் இலை மெல்ல வலப்பக்கமாக நகர்வதைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவள்தான் காகிதத்தை இழுக்கிறாளோ என்று நினைத்தாள். பிறகு எல்லோரையும் போல அவளும் எழுந்து, இடது கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டபடியே இலையோடு நடந்தாள். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டுப் பிரிவது அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

"ரசத்த ஊத்திட்டுப் போகச் சொல்லுங்கய்யா!" என்று வால்பக்கத்திலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"நீரே அதுகிட்டச் சொல்லும் வே. எனக்கு இன்னும் அப்பளமே வரல" என்றார் முன்னால் போனவர்.

மேஜை வாசற்படி இறங்கி, வாழைமரத்தைச் சுற்றிக்கொண்டு போய், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடும் இருளப்பனுக்கு முன்னால் நின்றது. முதல் மேஜையில் ஆள் உட்காராத இலை ஒன்று இருந்தது. அது அவருக்கு நேராக வந்து அமைந்தது. சமையல்காரர் நெல்லையப்பன் கரண்டியோடு பின்னாலேயே ஓடிவந்தார். இலைக்கு முன்னால் ஆள் நின்றால் பரிமாற வேண்டும் என்பதைத் தவிர வேறு சட்டம் அவருக்குத் தெரியாது; பரிமாறினார். இருளப்பன் கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சாப்பிட்டார். "இந்த மண்டபத்துச் சோத்த இன்னைக்குத்தான் சூடாத் திங்கேன்" என்று மட்டும் சொன்னார். அவர் இலையை மடித்ததும் மேஜை திரும்பி நடந்து, பழைய இடத்தில் போய் நின்றுகொண்டது. அதற்குப் பிறகு மோர் வந்தது.

அது எதைத் தேடிப் போகிறது என்பது மூன்று முகூர்த்தங்களுக்குள் ஊருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பத்திரிகை வைத்தால் மட்டும் போதாது. வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்தாலும் போதாது. கல்யாணத்தன்று வீட்டுக்காரர்களில் ஒருவர் முகத்துக்கு நேராக வந்து "சாப்பிட வாங்க" என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் ஒருவர் பந்திக்கு எழுந்து போவார். அப்படி யாரும் கூப்பிடாமல் விட்டுப்போன ஆளிடம்தான் மேஜை போனது. ஜெனரேட்டர் பார்க்கிற பையனிடம் போனது, அடுக்களைக்குப் பின்னால் பூக்கட்டுகிறவளிடம் போனது, தவிலைத் துணியால் மூடிவிட்டுத் தூங்கிப்போனவரை எழுப்பாமல் அவர் விழிக்கிறவரை காத்து நின்றது. இலையும் சோறும் அதன் முதுகில் இருக்க, இருபுறமும் ஜனங்கள் மென்றுகொண்டே கூட நடக்க, தெருநாய்கள் முதலில் குரைத்து, பிறகு வழிவிட்டு, பிறகு காவலுக்கு முன்னால் நடக்கத் தொடங்கின. டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே தள்ளிப் போட்டார். தாழ்வாகத் தொங்கிய வயர்களை எல்லோரும் உயர்த்திக் கட்டினார்கள். பரிமாறுகிறவர்கள் பின்பக்கமாக நடந்தபடி சாம்பார் ஊற்றப் பழகினார்கள். ஒருமுறை, இரண்டு தடவை முறையாகக் கூப்பிட்ட பிறகும் கோபித்துக்கொண்டு வீட்டில் போய் உட்கார்ந்த எண்ணெய்க்கடைக்காரரின் தெருமுனை வரை போன மேஜை, அங்கே சற்று நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. அவர் மறுநாள் கடை திறக்கவில்லை.

மேஜை ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எப்படி நடக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் பேச்சு. அதற்குத் தலை கிடையாது. முதல் மேஜை இழுக்கவில்லை, கடைசி மேஜை தள்ளவில்லை, எந்தக் காலும் எந்தக் காலுக்கும் மேஸ்திரி இல்லை. ஆனாலும் ஒரு சொட்டு ரசம் இலையைத் தாண்டியதில்லை. மில்லில் பட்டைகள் ஓடுகிற சத்தத்தை வைத்தே மாவின் பதம் சொல்கிற செண்பகவல்லி, கண்ணை மூடிக்கொண்டு அந்த நடையைக் கேட்டாள். ஓட்டுக்கூரையில் ஒரு முனையில் பிடித்த மழை மறுமுனைக்கு ஓடுவதுபோல, சத்தம் ஒவ்வொரு முறையும் வாலில் தொடங்கித் தலைக்கு ஓடியது. ஏழாவது மேஜை வரும்போது மட்டும் ஒரு சின்னத் தவறல் கேட்கும். பக்கத்துக் கால்கள் அதைத் தாங்கிக்கொண்டு போய்விடும்.

இதைக் கெடுத்தவர் நல்ல மனுஷர். பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஜெயக்கொடி வாத்தியாருக்கு, இத்தனை கால்கள் ஆளுக்கொரு நேரத்தில் எழும்புவதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஐப்பசியில் ஒரு கல்யாணத்தில் அவர் விசிலை எடுத்து, "நாளைக்கு விழுந்துச்சுன்னா யார் பதில் சொல்றது? நான் ஒழுங்குக்குக் கொண்டு வாரேன்" என்று முன்னால் போய் நின்று, "லெஃப்ட்!" என்றார். அதுவரை யாரும் தன்னிடம் எதுவும் சொல்லிக் கேட்டிராத மேஜை, மரியாதைக்கு அதைக் கேட்டது. இடப்பக்கக் கால்கள் இருபத்துநாலும் ஒரே நேரத்தில் எழும்பின. மொத்தப் பந்தியும் சாய்ந்து, பாயசம் மாப்பிள்ளையின் தாத்தா மடியில் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து மேஜை நடக்கவில்லை. பந்திக்கு நடுவே லேசாக நடுங்கும். ஏதாவது ஒரு கால் அரை அங்குலம் எழும்பும். எழும்பிய கால் அப்படியே நின்று, விசில் சத்தம் வருகிறதா என்று காத்திருந்து, வராததால் பழையபடி இறங்கிக்கொள்ளும். ஜெயக்கொடி வாத்தியார் விசிலை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, வாரக்கணக்கில் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.

செண்பகவல்லிக்கு இதில் ஊரைவிடக் கூடுதலான கவலை இருந்தது. தை மாதம் அவள் மகள் பொன்னரசிக்குக் கல்யாணம். செண்பகவல்லியின் அண்ணன் அணஞ்சபெருமாள் அதே ஊரில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தும், தங்கச்சி வீட்டுப் படி மிதித்து இருபத்தொரு வருஷம் ஆகியிருந்தது.

பொன்னரசிக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். குத்தும்போது பிள்ளை பயத்தில் அவர் வேட்டியை நனைத்துவிட்டது. வேட்டி மாற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. பந்தி ஓரத்தில் வந்து நின்றார். செண்பகவல்லியின் புருஷன் திரவியம் தண்ணீர் வாளியோடு அவரைத் தாண்டித் தாண்டிப் போனார். மச்சான் முதல் பந்தியிலேயே சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துவிட்டார். செண்பகவல்லி பிள்ளையின் அழுகையை அமர்த்திக்கொண்டிருந்தாள். நாலாம் பந்தியும் எழுந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தவர், அப்புறம் அரிசி திரிக்கக்கூட வேறு மில்லுக்குத்தான் போனார்.

இப்போது பத்திரிகையோடு மூன்று தடவை போயாகிவிட்டது. மூன்று தடவையும் அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கமாக இருந்தே பேசினார்.

"பிள்ள நல்லா இருக்கட்டும். நான் எதுக்கு?"

"தாய்மாமன் மாலை போடாம எப்படிண்ணே?"

"அன்னைக்குக் கூப்பிடாத சாப்பாடு அப்படியே இருக்கில்லா. அதச் சாப்பிடாம அடுத்த சாப்பாட்டுக்கு எப்படி வர?"

"அதுக்கு நான் இப்ப எங்க போக?"

"அது உன் பாடு."

வீட்டில் பொன்னரசியோ அதற்கு மேல். "மாமா மாலை போடாம நான் மணவறையில உக்கார மாட்டேன். முகூர்த்தம் முடிஞ்சாலும் சரி" என்று சொல்லிவிட்டுத் தலைவாரப் போய்விட்டாள்.

"ஏளா, வேற யாராவது மாமன் முறைக்காரனக் கூப்பிட்டு..." என்று தொடங்கிய திரவியம், செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு மில்லைத் திறக்கப் போனார்.

மார்கழி ஈரத்தில் மில்லின் சுவரெல்லாம் மரவட்டைகள் ஏறும். ஒருநாள் காலையில் மில் தரையில் சிந்திக் கிடந்த அரிசி மாவின் மீது ஒரு மரவட்டை நடந்து போவதைச் செண்பகவல்லி பார்த்தாள். கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பின்னங்கால் ஒன்று தரையில் ஊன்றிப் பாரத்தை வாங்கியது. பாரம் போன பிறகே அதற்கு முன்னாலிருந்த கால் எழும்பியது. அது இறங்கி ஊன்றியதும் அதற்கும் முன்னால் உள்ளது எழும்பியது. ஒவ்வொரு காலுக்கும் பக்கத்துக் காலின் சங்கதி மட்டுமே தெரிந்தது. அது போதுமாகவும் இருந்தது. ஒரு குச்சியால் நடுக்கால் ஒன்றை மெல்லத் தடுத்தாள். பக்கத்துக் கால்கள் சற்று அகலப் போட்டுக்கொள்ள, மரவட்டை நிற்காமல் போனது. வாயால் ஊதினாள். சுருண்டுகொண்டது.

"ஊதினாச் சுருளுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அது மறுபடி அவிழ்ந்து நடந்து போன பிறகு மாவில் தடத்தைப் பார்த்தாள். அத்தனை கால்களுக்கும் தடம் கொஞ்சம்தான் இருந்தது. முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னால் வந்த ஒவ்வொன்றும் வைத்துப் போயிருந்தது. அன்று வந்தவர்களுக்கு மாவு கொஞ்சம் கரகரப்பாகவே கிடைத்தது.

கல்யாணத்தன்று காலைப் பந்திக்கு இட்லி, வடை, பொங்கல், கேசரி. முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை வழக்கம்போல நடுங்கி, ஒரு கால் எழும்பி, இறங்கியது. செண்பகவல்லி பட்டுச் சேலையோடு மேஜையின் வால்பக்கம் வந்தாள். முதல் மேஜையில் ஓர் இலையை ஆளில்லாமல் போட்டு, தண்ணீர் தெளித்துவைக்கச் சொல்லியிருந்தாள்.

"என்ன தாயி, என்ன செய்யப் போற?" என்றார் நெல்லையப்பன்.

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல அண்ணாச்சி. யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்."

கடைசி மேஜையின் மூலையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றித் தன் பாரத்தை மெல்ல இறக்கினாள். கடைசிக் கால் தரையை நன்றாக மிதித்தது. அந்தப் பாரம் இந்தப் பக்கம் வந்ததும், அதற்கு முன்னாலிருந்த கால் லேசானது. எழும்பியது. விசிலுக்காக ஒரு கணம் நின்றது. மண்டபத்தில் யாரும் மூச்சு விடவில்லை. மேளக்காரர்கூடக் கோலைத் தொடையில் வைத்துக்கொண்டார். கால் இறங்கி ஊன்றியது. அடுத்தது எழும்பியது. மழை ஓட்டின் மேல் ஓடியது போல அந்தச் சத்தம் மேஜை மேஜையாகத் தாவி, ஏழாவதில் சற்றுத் தவறி, பன்னிரண்டும் கடந்து தலைக்கு வந்து சேர்ந்தது. பந்தி நடந்தது.

"எந்திரிங்கய்யா, எந்திரிங்க, இலை போகுது!" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா வடையோடு எழுந்தார். வெளியூர்க்காரர்கள், ஆனாலும் இரண்டு தெரு தாண்டுவதற்குள் நடந்துகொண்டே சட்னி கேட்கப் பழகிவிட்டார்கள்.

மேஜை ஓடையை நோக்கித்தான் போனது. கார்த்திகை மழையில் பாலம் விழுந்து, அந்த இடத்தில் இரண்டு பனங்கட்டைகளைச் சேர்த்துப் போடாமல் அகல விட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. கரையில் ஜெயக்கொடி வாத்தியார் நின்றிருந்தார். பழக்கத்தில் வாய் திறந்தது. செண்பகவல்லியைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதல் மேஜையின் முன்னங்கால் கட்டையைத் தடவியது. முதலில் காற்றில் தவறியது, பின்வாங்கியது, மறுபடி நீண்டு, பனையின் செதிலில் ஓர் இடத்தைப் பிடித்து ஊன்றியது. இணைக் காலும் அந்தப் பக்கத்துக் கட்டையில் அப்படியே ஓர் இடம் பார்த்தது. மற்றவை தேடவே இல்லை. முன்னது விட்ட இடத்தில் பின்னது வைத்தது, அது விட்ட இடத்தில் அடுத்தது வைத்தது, அட்டை இல்லாத குட்டைக் காலும் அதே இடத்தில் எட்டி வைத்தது. ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் வைத்த இடத்தில் அடுத்தவர் வைத்து, இலையில் ஒரு கையும் கட்டையில் கண்ணுமாகக் கடந்தார்கள். திரவியம் தண்ணீர் வாளியோடு கடைசியாக வந்தார்.

அணஞ்சபெருமாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, புது வேட்டி, நெற்றியில் திருநீறு. பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய ஒரு மாலை கூடையில் இருந்தது.

"விடிஞ்சதிலருந்து இப்படித்தான் உக்காந்திருக்காவ. போகவும் மாட்டாவ, சட்டையக் கழட்டவும் மாட்டாவ" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்.

ஆளில்லாத இலை அவருக்கு முன்னால் வந்து நின்றது. அவர் இலையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், அதன் நீளம் முழுக்க நின்று மென்றுகொண்டிருந்த சம்பந்தி வீட்டாரைப் பார்த்தார். கடைசியாகத்தான் தங்கச்சியைப் பார்த்தார்.

"இது எந்தப் பந்தி?"

"காதுகுத்துப் பந்திண்ணே. மூணாம் பந்தி." செண்பகவல்லி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "சாப்பிட வாங்க."

திரவியம் முன்னால் வந்து, வாளித் தண்ணீரை மொண்டு நீட்டினார். "மச்சான், கையக் கழுவுங்க" என்றார்.

"அன்னைக்கும் இந்த வாளியத்தான் தூக்கிட்டு அலைஞ்சீரு" என்றார் அணஞ்சபெருமாள்.

"அதே வாளிதான் மச்சான். அடி மட்டும் மாத்தியிருக்கு."

அவர் கையை நீட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெல்லையப்பன் பொங்கலை வைத்து, நடுவில் குழி பறித்துச் சாம்பாரை ஊற்றினார். அணஞ்சபெருமாள் முதல் கவளத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி, மெல்ல மென்றார்.

இரண்டாவது கவளத்தில் மேஜை புறப்பட்டது.

இருளப்பன் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்ற மேஜை இது. தவில்காரர் விழிக்கும்வரை காத்த மேஜை. அன்று மட்டும் ஏன் அவசரப்பட்டது என்று பிறகு ஊரில் பல விதமாகப் பேசிக்கொண்டார்கள். செண்பகவல்லி அப்போது வால்பக்க மூலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். களைப்பாக இருந்தது, சாய்ந்துகொண்டேன் என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

"ஏ, இரு, இரு, ஏட்டி நிப்பாட்டச் சொல்லு!" என்று அணஞ்சபெருமாள் எழுந்தார்.

"அது யார் சொன்னாலும் கேக்காதுண்ணே."

பொங்கல் முக்கால்வாசி இருந்தது, வடை தொடப்படாமல் இருந்தது, கேசரி ஓரத்தில் இருந்தது. அவர் இலையோடு நடந்தார். அவர் மனைவி மாலைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் பின்னால் நடந்தாள். பனங்கட்டை வந்ததும் அவர் ஒரு கணம் தயங்கினார். அந்த ஓடையைக் கல்யாணம் காட்சி என்று தாண்டப் போவதில்லை என்று பலர் முன்னால் சொல்லியிருந்தார். அவருக்கு முன்னால் திரவியத்தின் பாதம் வைத்து எடுத்த ஈரத் தடம் கட்டையில் இருந்தது. இலை அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அந்த ஈரத் தடத்தில் காலை வைத்தார்.

மண்டபத்து வாசலில் மேளம் முழங்கியது. பன்னீர் தெளித்தார்கள். வாயில் வடையோடு வந்து சேர்ந்த அணஞ்சபெருமாள், தன்னையே பார்த்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்து, விழுங்கிவிட்டு, சத்தமாகச் சொன்னார்:

"யாரும் தப்பா நினைக்க வேண்டாம். நான் வரல. என் இலைதான் இங்க வந்திருக்கு. பாதிச் சாப்பாட்டுல இலைய விட்டுட்டுப் போற ஆளா நான்?"

"இல்ல மாமா" என்றாள் பொன்னரசி. மணவறைக்கு வெளியே, நகையும் பூவுமாக, இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "கையக் கழுவிட்டு மாலையப் போடுங்க. நேரமாகுது."

"கேசரி இருக்குல்லா" என்றார் அவர். "கேசரியத் தின்னுட்டு வாரேன். இரு."

ஐயர் புகையைத் தள்ளிவிட்டு நேரம் பார்த்தார். மாப்பிள்ளை மணவறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நல்ல நேரம் இன்னும் இருந்தது. ஒரு மனுஷர் அவசரப்படாமல் கேசரி தின்கிற அளவுக்கு இருந்தது. தின்றார். விரலை நக்கினார். காது குத்தின நாளிலிருந்து விரித்தே கிடந்த அந்த இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

அதற்குப் பிறகே மேஜை கால்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பழைய இடத்தில் வரிசையாக அமைந்தது. ஏழாவது மேஜையின் குட்டைக் கால் மட்டும் கொஞ்ச நேரம் தரையைத் தடவித் தன் அட்டையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ஏறி நின்றுகொண்டது.